பச்சை நூல் தைத்த சிவப்புச் சட்டை

கியோட்டோ
21.11.2004

அன்புள்ள சுஹறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. ஆகவே தடிமல் பிடித்திருக்கிறது என்ற உண்மையையே எழுதிவிடுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது. தண்ணீரில் கையை வைத்தால் எடுக்கும்போது விரல்கள் என்னுடையவையாகவே இருப்பதில்லை.

இந்தப் பொதியில் இரண்டு யார் நீளப் பட்டு இருக்கிறது. நம் மகள் முஸ்பிறாவுக்கு. நானே சாயம் போட்டது. மருதமுனையில் பன்னிரண்டு வருடம் தறிக்காரர்களுக்கு நூல் தோய்த்தவன் நான். இங்கே வந்து ஒரு வருடமாகத் தொட்டி கழுவவும் துணி அலசவும்தான் விட்டார்கள். போன மாதம்தான் முதலாளி ஹிசாக்கோ இந்தத் துண்டை என் கையில் தந்து, "சைனு-சான், இதை நீங்கள் போடுங்கள்" என்றாள். ஸைனுலாப்தீன் என்று சொல்ல இங்கே ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரலைக் கேட்டு மாதக்கணக்காகிறது.

சாயம் எதிலிருந்து தெரியுமா? ஒரு பூவிலிருந்து. குசும்பா என்று சொல்வார்கள், மஞ்சளாகத்தான் பூக்கும். இதழைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து பிசைந்து மஞ்சளையெல்லாம் போக்க வேண்டும். பிறகு வைக்கோல் சாம்பல் கரைத்த தண்ணீரில் பிசைந்தால் உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு இறங்கும். அதில் புகை போட்ட ஒரு காயின் புளிப்பை விட்டால் சிவப்பு பட்டில் ஏறிக்கொள்ளும். எட்டு முறை முக்கினேன். முந்திய காலத்தில் இவ்வளவு அடர்ந்த சிவப்பை அரச குடும்பம் மட்டும்தான் உடுத்தலாமாம். மற்றவர்களுக்கு வெளிர் சிவப்பு வரைக்கும்தான் அனுமதி என்று சட்டம் போட்டிருந்தார்களாம். ஹிசாக்கோ சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் ஐந்தோடு நிறுத்த இருந்தவன் எட்டு வரைக்கும் போனேன்.

இங்கே பெண் பிள்ளைக்கு ஏழு வயதானால் சிவப்பு உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். சிவப்பு உடுத்திய பிள்ளையைத் தீங்கு அண்டாது என்று ஒரு நம்பிக்கை. நம் மகளுக்கும் ஏழு நடக்கிறதே.

பட்டு ஆண்களுக்கு ஹறாம். நாள் முழுக்கப் பட்டுக்குள் கைவிட்டுக் கிடந்தும் ஒரு முழம் என் தோளில் பட்டதில்லை. என் பிள்ளை உடுத்தட்டும். உடுத்திய படம் ஒன்று அனுப்பு.

ஸைனுலாப்தீன்


மருதமுனை
18.12.2004

மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பொதி வந்தது. ஹிசாக்கோ சொன்னாள், ஹிசாக்கோ தந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு என்ன வயது என்று மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த கடிதத்தில் ஞாபகமாக எழுதுங்கள்.

சிவப்பு சிவப்புத்தான், பொய் சொல்லக்கூடாது. பெட்டியைத் திறந்தால் அறைக்குள் விளக்கு வைத்தது போல இருக்கிறது. நீளக்கை வைத்து முழங்காலுக்குக் கீழே இறங்கும்படி சட்டை தைத்திருக்கிறேன். இதே சிவப்பில் நூல் வேண்டுமென்று கல்முனைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. உடம்பை வெளியே தெரியாதபடி வெள்ளை நூலால் மெஷினில் அடித்துவிட்டு, கீழ் மடிப்பைப் பச்சை நூலால் கையாலேயே தைத்தேன். ஒத்துப்போகாத சிவப்பை விட ஒத்துப்போகாத பச்சை நல்லது. பூவுக்கு இலை வைத்தது போல இருக்கிறது என்று உங்கள் மகள் சொல்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "கழுவினா சாயம் போகாதா கா?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். "என்ட மாப்பிள போட்ட சாயம், உடுத்த சாரன் கிழிஞ்சாலும் போகாது. ஊருல கேட்டுப்பாரு" என்றேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. சிவப்பு உடுத்தினால் தீங்கு அண்டாது என்றால் அது அவர்கள் பாடு. நமக்குக் காவல் அல்லாஹ் ஒருவன். நான் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன், அதை அவள் காதில் வாங்கிவிட்டாள். இப்போது எதற்கெடுத்தாலும் "வாப்பா சொன்னாரு" என்கிறாள்.

சட்டை ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் என்று பெட்டியில் வைத்திருக்கிறேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை திறந்து பார்க்கிறாள். பெருநாளன்று படம் பிடித்து அனுப்புகிறேன். தடிமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். அங்கே கொத்தமல்லி இல்லையென்று சொல்லித் தப்ப வேண்டாம்.

சுஹறா


வரிப்பத்தான்சேனை
29.01.2005

மச்சான்,

நான் இருப்பது கபூர் காக்காவின் வீட்டில். வரிப்பத்தான்சேனைக்குக் கடல் வராது என்று, கூடப்பிறந்த பாசத்தில் என்னைக் கூட்டி வந்துவிட்டார். இங்கே சுற்றிவர வயல்தான். காற்றில் நெல் சரசரத்தால்கூட எழும்பி ஓடப் பார்க்கிறேன். நீங்கள் டெலிபோன் எடுத்த நாட்களில் என்னால் கதைக்க முடியவில்லை. அழுதது மட்டும்தான் உங்களுக்குக் கேட்டிருக்கும். நடந்ததைக் காக்கா சொல்லியிருப்பார். நான் ஒருமுறை சொல்ல வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முஸ்பிறாவுக்குக் கடற்கரைப் பக்கத்து ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதல். காலையில் எழும்பியதிலிருந்து பெட்டியின் மேலே ஏறிக் குந்திக்கொண்டாள். "உம்மா, ஒருக்கா உடுத்துட்டு ஓதிட்டு வாறன். அழுக்காக்க மாட்டன். வாப்பா சொன்னாரு, செவப்பு உடுத்தா ஒண்டும் வராதாம்." சரி, போய்த் தொலை என்றேன். மச்சான், போய்த் தொலை என்று சொன்னேன். நான் எந்த நாளும் சொல்கிற சொல்தான் அது, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

அவள் போய் அரைமணித்தியாலம் இருக்கும். கடல் வந்தது. நான் பின்வளவில் நின்றேன். தென்னையைப் பிடித்துக்கொண்டேன். வீடு போய்விட்டது, ஓதப்பள்ளி நின்ற இடத்தில் மணல் மட்டும் கிடந்தது.

மூன்றாம் நாள் கல்முனைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மையத்துகளைக் கிடத்தியிருக்கிறார்கள் என்று காக்கா கூட்டிப் போனார். போகும் வழியெல்லாம், இடமெல்லாம், "சிவப்புச் சட்டை, நல்ல அடர் சிவப்பு" என்று சொல்லிச் சொல்லிக் கேட்டோம். ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை கிடந்தது. முகத்தைப் பார்க்க வேண்டாம், அடையாளம் தெரியாது என்று காக்கா மறித்தார். கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் துணியை விலக்கிச் சட்டையைக் காட்டினார்கள். வெளிறிப்போன சட்டை. கஞ்சித் தண்ணீரின் நிறம். "நெறம் தெரியுதா தங்கச்சி?" என்று காக்கா கேட்டார். "நான் சாயக்காரன்ட பொண்டாட்டி. எனக்கு நெறம் தெரியாதா? இது செவப்பில்ல, என்ட புள்ள இல்ல" என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னேன். யார் பெற்ற பிள்ளையோ, அதைத் தேடி ஒருவரும் வரவில்லை. அன்று பின்னேரம் அடக்கிவிட்டார்களாம். நான் சொன்னதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிவப்புச் சட்டை எங்குமே இல்லை. ஆகவே அவள் மையத்துகளில் இல்லை. தப்பிய பிள்ளைகளைக் கண்டெடுத்தவர்கள் வைத்து வளர்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதைக்கிறார்கள். நீங்கள் வாருங்கள். இரண்டு பேராகத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம்.

சுஹறா


கியோட்டோ
22.02.2005

சுஹறா,

உன் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. வாசித்துவிட்டு நூல் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்த் தொழுதேன். அந்த அறையில்தான் நான் தொழுவது. இந்தத் தெருவில் நான் ஒருவன்தான் முஸ்லிம். மையத்துக்குத் தொழும் ஜனாஸாத் தொழுகைக்குக்கூட என் பக்கத்தில் நிற்க ஆளில்லை. மனம் அப்படி ஒன்றை நினைத்ததற்காக மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தேன்.

வரச் சொல்கிறாய். என் விசா முடிந்து எட்டு மாதம் என்பது உனக்குத் தெரியும். விமான நிலையத்தில் கால் வைத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள், திரும்பி வர முடியாது. வீடு இல்லை, தறி இல்லை, தொட்டி இல்லை. அங்கே வந்து எதைச் செய்வேன்? மகள் கிடைத்தால் அவளை எதில் வைத்து வளர்ப்போம்? கொஞ்ச நாள் பொறு. காக்கா தேடட்டும். இதை எழுதும்போது என் கை என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஹிசாக்கோவுக்கு வயது ஐம்பத்தாறு. நீ கேட்டிருந்தாய், எழுதாமலே போய்விட்டது.

அவளிடம் சொன்னேன். ஓக் மரக் கொட்டையை அவித்து, இரும்பு ஊறிய தண்ணீர் விட்டு, ஒரு பருத்தித் துண்டுக்குச் சாம்பல் நிறம் ஏற்றித் தந்தாள். முந்திய காலத்தில் துக்கத்துக்கு இந்த நிறம்தான் உடுத்துவார்களாம். தூரத்து உறவென்றால் வெளிர் சாம்பல். நெருங்கிய உறவென்றால் ஏறக்குறைய கறுப்பு. சாயத்தைப் பார்த்தே இறந்தவர் இவருக்கு என்ன முறை என்று சொல்லிவிடலாமாம். துண்டை எடுக்கும்போதே எத்தனை முறை முக்கட்டும் என்று கேட்டாள். என் பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று தெரியாதே, அதற்கு எத்தனை முறை? ஒருமுறை போதும் என்றேன். மூன்று நாளுக்கு மேல் துக்கம் காட்டக்கூடாது என்று மார்க்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும். குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறேன்.

ஸைனுலாப்தீன்


மருதமுனை
07.04.2006

நீங்கள் வரவில்லை. அதை மூன்று கடிதத்தில் கேட்டாகிவிட்டது, இனிக் கேட்க மாட்டேன். மச்சான் என்று எழுதவும் கை வரவில்லை.

வயல் பக்கம் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு அறை. ஓர் அறையை முஸ்பிறாவுக்கென்று வைத்திருக்கிறேன். மழை பெய்தால் தவளைச் சத்தம். இரவில் சோறு ஆக்குவதை விட்டுவிட்டேன், ஒருத்திக்கு எதற்கு?

போன மாதம் மட்டக்களப்பில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போனேன். அதற்கு முதல் திருகோணமலை, அதற்கு முதல் அம்பாறை ஆஸ்பத்திரி. போகும் இடமெல்லாம் சிவப்புச் சட்டை என்றுதான் கேட்கிறேன். "தாயே, இப்ப அந்தச் சட்ட அவவுக்குச் சின்னதாப் போயிருக்கும்" என்று மட்டக்களப்பில் கன்னியாஸ்திரி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது எனக்குத் தெரியாதா? வேறு எதைச் சொல்லிக் கேட்பது?

இன்னொன்றும் செய்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெளிறிய சட்டைப் பிள்ளையை மறக்க முடியவில்லை. அதன் தலைமாட்டில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்ன வாய் இது. கல்முனைக்குடியில் விசாரித்து, அன்று அந்தப் பிள்ளைக்குக் கபன் துணி போட்ட சரீபா ராத்தாவைக் கண்டுபிடித்தேன். மதிலோரம் பூவரச மரத்துக்கு நேரே இரண்டாவதாக அடக்கினார்கள் என்று காட்டித் தந்தா. பெண்கள் மையவாடிக்குள் போவதில்லையே. வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்று யாஸீன் ஓதி, ஒரு துஆக் கேட்டுவிட்டு வருகிறேன். அதற்கு என்னைத் தவிர யாருமில்லை. இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மெலிந்துவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். கழுத்தில் இருக்கும் துண்டு வெளிர் சாம்பல் என்றுதானே எழுதினீர்கள்? படத்தில் கறுப்பாக அல்லவா இருக்கிறது?

சுஹறா


கியோட்டோ
30.05.2006

சுஹறா,

துண்டு அழுக்குப் பிடித்திருக்கும். படமும் வெளிச்சம் குறைவான இடத்தில் எடுத்தது.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பிள்ளையிடம் போவது நல்ல காரியம். விடாதே. மழை பெய்தாலும் போ. கன்னியாஸ்திரி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, இனிமேல் சிவப்பைச் சொல்லிக் கேட்க வேண்டாம். அவ்வளவு தூரம் தனியாக அலையவும் வேண்டாம். வீதியில் சோதனைச் சாவடிகள், மூதூர்ப் பக்கம் சண்டை தொடங்கும் போலிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

நிறைய எழுத இருந்தேன். வேலை அதிகம்.

ஸைனுலாப்தீன்


மருதமுனை
12.06.2009

மச்சான்,

மூன்று வருடமாகப் பெருநாளைக்குப் பெருநாள் இரண்டு வரி எழுதுகிறீர்கள், நானும் இரண்டு வரி எழுதுகிறேன். இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது. மச்சான் என்று தொடங்கியதைப் பார்த்தே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

சண்டை முடிந்துவிட்டது. போன மாதம் ஊரில் வெடி கொளுத்தினார்கள். எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதென்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். வன்னியிலிருந்து வந்த சனமெல்லாம் வவுனியாவில் முகாம்களில் இருக்கிறார்கள். அங்கே உதவிக்குப் போய் வந்த ஒரு டீச்சர் சொன்னா, தாய் தகப்பன் தெரியாத ஒரு பிள்ளை இருக்கிறதாம். பதினொரு வயது மதிக்கலாமாம். கடல் வந்த வருடம் யாரோ வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். "எங்கட பக்கத்துத் தமிழ்தான் கதைக்கிறா" என்று டீச்சர் சொன்னா. பதினொரு வயது, மச்சான். எண்ணிப் பாருங்கள்.

கபூர் காக்காவுக்கு விருப்பமில்லை. "போகாத தங்கச்சி, எத்தன தரம்தான் ஒடஞ்சு வருவா?" என்கிறார். முகாமுக்குள் போகக் கடிதம் வேண்டும், அதற்கும் அலைந்து ஒழுங்கு செய்துவிட்டேன். ஹஜ்ஜுக்குப் போகிறவள் போல வீட்டைக் கழுவி, அவளுடைய அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாலரை வருடத்தில் அவளுக்கு என் முகம் மறந்திருக்கலாம். அந்தச் சிவப்பு மறந்திருக்காது. காலையும் மாலையும் பெட்டியைத் திறந்து பார்த்த பிள்ளை. அதே பூவில், அதே எட்டு முறை முக்கி, கையகலத் துண்டு ஒன்று அனுப்புங்கள். காட்டினால் போதும், அவளாக இருந்தால் கண்ணில் தெரிந்துவிடும். துண்டு வந்ததும் புறப்படுகிறேன்.

சுஹறா


கியோட்டோ
05.07.2009

சுஹறா,

நீ கேட்ட சிவப்பைப் போட்டேன். எட்டு முறை. காய்ந்து கொடியில் தொங்குகிறது. அதை அனுப்பவில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம், இதற்கு முதல் நான்கைக் கிழித்துவிட்டேன்.

2006 தை மாதம் ஒரு பெண் தன் மகளின் உடுப்பைக் கொண்டுவந்து ஹிசாக்கோவின் முன்னால் போட்டு அழுதாள். பெண் பிள்ளைக்கு ஏழு வயதில் உடுத்தும் சிவப்பு. நாங்கள் போட்டதுதான். தெரியாமல் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டாள். சிவப்பு முழுக்கத் தண்ணீரோடு போய், வெளிறிப்போய்க் கிடந்தது. கஞ்சித் தண்ணீரின் நிறம். உன் கடிதத்தில் இருந்த அதே சொல் எனக்குள் எழும்பி நின்றது.

சாம்பல் தண்ணீரில்தான் பூவிலிருந்து சிவப்பை இறக்குவோம் என்று உனக்கு எழுதினேனே. சாம்பலிலும் சவர்க்காரத்திலும் இருக்கும் காரம் பட்டால் பூவிலிருந்து இறங்குகிற சிவப்பு, துணியிலிருந்தும் இறங்கும். வெயிலுக்கும் அது நிற்காது. நம் ஊரில் சோடாக் காரத்தில் போட்டுத்தான் நூலில் சாயம் ஏற்றுவோம், சாரன் கிழிந்தாலும் போகாது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் தொட்டியில் நின்றவன், கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால், கழுவும்போது கவனம் என்று ஒரு வரி எழுதியிருப்பேன். நீயும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னொருமுறை பார்த்திருப்பாய்.

அன்றே அதே சிவப்பில் மிச்சத் துண்டு ஒன்றை எடுத்து, பாதியை உப்புத் தண்ணீரும் மணலும் சேறும் விட்ட போத்தலில் தொங்கவிட்டு வெயிலில் வைத்தேன். இடைக்கிடை வெளியே எடுத்துக் காயவும் விட்டேன். மூன்று நாள். கடல் தண்ணீரிலும் கொஞ்சம் காரம் உண்டு, சேற்றிலும் உண்டு. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் இருந்த சாம்பல் துண்டைக் கழற்றி இரும்புத் தண்ணீரில் முக்கினேன். கறுக்கும்வரை முக்கினேன். ஹிசாக்கோ பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. நீதான் கேட்டாய். அழுக்கு என்று பொய் எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை? நீ ஓர் அறையை அவளுக்கென்று வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த அறைக்கதவை என் கையால் சாத்த முடியவில்லை. அதற்குப் பிறகும் வராமல் இருந்ததற்கு விசா காரணமில்லை. நானாகப் போய்ச் சொன்னால் ஒரு மாதத்தில் அனுப்பி வைப்பார்கள். உன் முகத்துக்கு முன்னால் நின்றால் சொல்லிவிடுவேன் என்ற பயம். நான் கோழை, சுஹறா.

வவுனியாவுக்குப் போகாதே. அந்தப் பிள்ளைக்கு வேறொரு தாய் இருப்பாள். உன்னைக் கண்டு அது ஆசைப்பட்டால் இரண்டு பேருக்கும் தாங்காது.

நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். வெளிறிய சட்டை உடுத்திய பிள்ளை வேறு யாருடையதாகவும் இருக்கலாம். கீழ் மடிப்பை நீ பச்சை நூலால் தைத்ததாக எழுதியிருந்தாய். அது கடை நூல், சாயம் போகாது. கபன் போட்ட அந்த ராத்தாவிடம் கேள். கேட்க மனமில்லையென்றால் விட்டுவிடு.

உப்புத் தண்ணீரில் விட்ட துண்டை இதற்குள் வைக்கிறேன். ஒரு பாதி சிவப்பு, மறுபாதியை நீ அன்றே பார்த்துவிட்டாய்.

ஸைனுலாப்தீன்


மருதமுனை
24.07.2009

மூன்றரை வருடம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கண்டி வரைக்கும் பஸ் ஏறிப் போனேனே, அப்போது தெரியும். சோதனைச் சாவடியில் இறக்கி வெயிலில் நிறுத்தினார்களே, அப்போதும் தெரியும். ஒவ்வொரு பெருநாளைக்கும் அவள் வளர்ந்திருப்பாள் என்று கையால் உயரம் காட்டிச் சட்டை தைத்து வைத்தேனே, அப்போதும் தெரியும். என் கதவைச் சாத்த மனமில்லையாம். என் கதவைத் திறந்துவைத்து என்னை வாசலிலேயே நிற்க வைத்தது யார்?

துண்டை முதலில் பார்த்தேன், கடிதத்தைப் பிறகுதான் வாசித்தேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

31.07.2009

ஒரு கிழமை இந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன். இன்றைக்குக் கல்முனைக்குடிக்குப் போனேன்.

சரீபா ராத்தாவிடம் நூலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "ராத்தா, அந்தப் புள்ளட சட்ட ஒங்களுக்கு ஞாவகம் இரிக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவ அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை வைத்துவிட்டு யோசித்தா. "பட்டு கா. கைபட்டா வழுக்கும். நெறமெல்லாம் போயிட்டு. கீழ மடிப்பு மட்டும் பச்ச நூலு. கைத்தையல். தாய்க்காரிக்கு ஒத்த நூல் கெடைக்கல்லயாக்கும் எண்டு நெனச்சன். தையல் வடிவான தையல். ஏங்கா கேக்கா?" என்றா.

ஓம், கெடைக்கல்ல ராத்தா, கல்முனையெல்லாம் தேடினன் என்றேன். அவ எழும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டா. "நான் வடிவாத்தான் உடுத்தி அனுப்பினன் தங்கச்சி, ஒண்டும் கொற வைக்கல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னா.

பிறகு மதிலோரம் போய் நின்றேன். எப்போதும் நிற்கிற இடம்தான். என் பிள்ளையின் தலைமாட்டில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவள் நான். அதை அவள் கேட்டிருப்பாளா, மச்சான்? அந்த ஒரு நாள் விட்டுவிட்டு நடந்ததைத் தவிர, நான் அவளைத் தனியே விடவில்லை. யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்துக்கொண்டு கிழமைக்குக் கிழமை அவளிடம்தான் போயிருக்கிறேன். காய்ச்சலோடு போயிருக்கிறேன், ஊரடங்கு எடுத்த மறுநிமிடம் போயிருக்கிறேன்.

அங்கே நின்று நான் கேட்கிற துஆ என்னவென்று உங்களுக்கு எழுதியதில்லை. "யா அல்லாஹ், இது யாரு பெத்த புள்ளையோ, இதுட உம்மா எங்க இரிந்தாலும் அவக்குப் பொறுமையக் குடு." இத்தனை வருடம் அதை எனக்கே கேட்டிருக்கிறேன். அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத என்னால் முடிந்திருக்காது.

வவுனியாவுக்குப் போகவில்லை. தைத்து வைத்த சட்டைகளை டீச்சரிடம் கொடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன். கடைசியாகத் தைத்தது அளவாக இருக்கும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியாது. இருந்தாலும் நீங்கள் வரவேண்டும். இந்த முறை கெஞ்சவில்லை, சொல்கிறேன். நோன்பு பிறக்க மூன்று கிழமை இருக்கிறது. நீங்களாகப் போய்ச் சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? கறுத்த துண்டை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பட்டும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம்.

நான் மதிலுக்கு வெளியேதான் நிற்கலாம். அடக்கிய நாளிலிருந்து அவளுடைய பெயரைச் சொல்லி ஸலாம் சொல்ல ஒருவரும் உள்ளே போகவில்லை. பூவரச மரத்துக்கு நேரே இரண்டாவது. போய்க் குனிந்து, முஸ்பிறா என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். வெளியே நிற்கும் எனக்கும் கேட்கும்படியாகச் சத்தமாகச் சொல்லுங்கள்.

சுஹறா